மூணு கிலோவாட் இல்லாட்டி வேணாமா?

ராயக்கோட்டை தக்காளி மண்டிப் பக்கம் விடியற்காலையில் டீ குடிக்க உட்கார்ந்தால் இரண்டு பேச்சு காதில் விழாமல் எழுந்திருக்க முடியாது. ஒன்று, இன்றைக்குப் பெட்டி என்ன விலைக்குப் போனது என்பது. இன்னொன்று கொஞ்ச காலமாகச் சேர்ந்துகொண்டது: சோலார்.

“போட்டா மூணு கிலோவாட்டா போட்டுடணும்ணா. கவர்மெண்டே எழுபத்தெட்டாயிரம் தருது. கரண்ட் பில்லு ஜீரோ. கரண்ட் போனாலும் கவலையில்ல. ஒரு பேனல், ஒரு பேட்டரின்னு சின்னதா போடறதெல்லாம் காசுக்குப் புடிச்ச கேடு.”

பேனல் விற்கிறவர் இதைச் சொன்னால் அவர் பிழைப்பு என்று விட்டுவிடலாம். மண்டியில் பெட்டி இறக்குகிறவர் சொல்கிறார். ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து பஸ் இறங்குகிறவர் சொல்கிறார். வாத்தியார் சொல்கிறார். இவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடினாலே அதிகம். ஏசி கிடையாது. இரண்டு ஃபேன், நாலு லைட், ஒரு டிவி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ். இந்த வீட்டுக்கு மூணு கிலோவாட் என்பது, டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டித் தக்காளி எடுத்துப் போகிறவரிடம் லாரி வாங்கச் சொல்வது மாதிரி. லாரி நல்ல வண்டிதான். அவருக்கு அது எதற்கு?

இந்த மாதிரி வீட்டுக்கு ஒரு பேனலும் ஒரு பேட்டரியும் போதும் என்பது என் கட்சி. அதையும் பில்லை மிச்சம் பிடிப்பதற்காகப் போடக்கூடாது. ‘பில் ஜீரோ’ என்ற ஆசையை மனசிலிருந்து எடுத்துவிட்டுத்தான் குறைந்த செலவு சோலாரைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிக்க முடியும்.

முதலில் பில்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் வந்த விகிதப்படி, மானியம் போக, அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் 2 ரூபாய் 35 காசு. 200-க்கு மேல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. அதாவது 200 யூனிட் ஓட்டுகிற வீடு இரண்டு மாதத்துக்குக் கட்டுவது 235 ரூபாய். 240 யூனிட் ஓட்டினால் 423 ரூபாய். வருடத்துக்கு ஆறு தடவை. மொத்தம் 2,538 ரூபாய்.

இப்போது மூணு கிலோவாட்டுக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம் உண்மைதான். நம் பக்கம் கேட்கிற விலை ஒன்றே முக்கால் லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை. மானியம் போக ஒரு லட்சத்துக்குக் குறையாமல் கையை விட்டுப் போகும். வருடம் 2,538 ரூபாய் பில் கட்டுகிறவர், பில் மிச்சத்தை மட்டும் வைத்து இந்த ஒரு லட்சத்தை மீட்க 39 வருடம் ஆகும். பேனலுக்குத் தரும் உத்தரவாதமே 25 வருடம்தான். கடன் வாங்கிப் போட்டால் வட்டி தனி.

“மிச்ச கரண்டை ஈபிக்குக் குடுக்கலாம், கணக்குல வரவு வைப்பாங்க” என்பார்கள். வைப்பார்கள். மூணு கிலோவாட் ஒரு நாளைக்கு சுமார் 12 யூனிட் தரும். நம் வீட்டுக்கு நாலு யூனிட் போதும். மீதி எட்டு யூனிட் லைனுக்குப் போகும். ஆனால் அந்த எட்டு யூனிட்டுக்கு என்ன மரியாதை என்பதை நாம் முடிவு செய்வதில்லை. தமிழ்நாட்டில் 2013-ல் ஒரு விதி வந்தது. 2019-ல் அதை மாற்றி வேறு விதி. 2021-ல் மறுபடி இன்னொன்று. எட்டு வருடத்தில் மூன்று விதி. 25 வருடத்துக்கு விற்பனை செய்வதாக நினைத்துப் பணம் போடுகிறவர் இதையும் யோசிக்க வேண்டும். மொட்டை மாடியில் கரண்ட் தயாரித்து விற்பது ஒரு தொழில். தொழில் செய்ய ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யுங்கள். அதை வீட்டுத் தேவை என்று பெயர் வைத்து மூட்டை தூக்குகிறவர் தலையில் கட்டாதீர்கள்.

‘கரண்ட் போனாலும் கவலையில்ல’ என்று அதே வாய் சொல்கிறதே, அது முழுப் பொய். பொய் என்று தெரியாமல் சொல்லப்படுகிற பொய் என்பதால் இன்னும் மோசம். மானியத்தில் வருவது ஈபி லைனோடு இணைத்த அமைப்பு. லைனில் கரண்ட் இல்லையென்றால் அந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். அது கோளாறு இல்லை, விதி. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன், லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பியில் கை வைக்கிறார். அந்த நேரம் நம் மாடியிலிருந்து கரண்ட் போனால் அவர் உயிர் போகும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

விளைவு என்ன தெரியுமா? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு லைனை நிறுத்தினால் சாயங்காலம் வரை வராத நாட்கள் நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். அந்த ஒன்பதிலிருந்து ஐந்துதான் வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம். மாடியில் ஆறேழு பேனல் வெயிலில் பளபளவென்று காய்ந்துகொண்டிருக்கும். கீழே வீட்டுக்காரம்மா நியூஸ் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டில் ஒரே ஒரு பேனலும் பேட்டரியும் வைத்திருக்கிறவர் வீட்டில் ஃபேன் ஓடும். பேட்டரியும் இறங்காது, பகல் முழுக்கப் பேனலே தாங்கும். இதைப் பார்த்த பிறகும் ‘சின்னது வேஸ்ட்’ என்று சொல்ல நாக்கு கூசவேண்டும்.

பேட்டரி வைத்த ஹைபிரிட் அமைப்பு போட்டால் மூணு கிலோவாட்டும் ஓடும்தானே என்று கேட்கலாம். ஓடும். பேட்டரிக்கு மானியம் கிடையாது. அந்தச் செலவு முழுக்க உங்களுடையது.

இனி எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவர்களிடம் வருகிறேன். சின்ன அமைப்பை ஆதரிக்கிறவர்களும் ஒரு தப்பு செய்கிறார்கள். “தினமும் ராத்திரி பேட்டரியில ஓட்டுங்க, ஈபி பக்கமே போகாதீங்க, மாசம் ஐநூறு மிச்சம்” என்கிறார்கள். இந்தக் கணக்கையும் உடைத்துப் பார்க்கவேண்டும். 12 வோல்ட், 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியில் பெயரளவுக்கு 1.8 யூனிட் இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆக, ஒரு தடவைக்கு 0.9 யூனிட். தினம் ஏற்றி இறக்கினால் நாலு வருடம், அதாவது ஏறக்குறைய 1,400 தடவை. மொத்தம் 1,260 யூனிட். பேட்டரி விலை 15,000 என்று வைத்தால் யூனிட் 12 ரூபாய்க்கு வருகிறது. இதில் பேனல் விலையும் இன்வெர்ட்டர் விலையும் சேரவில்லை. 2 ரூபாய் 35 காசுக்கு ஈபி தருகிற யூனிட்டைத் தவிர்க்க 12 ரூபாய் யூனிட்டை எரிப்பதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்க முடியாது.

லித்தியம் என்றால் கொஞ்சம் குறையும். 12.8 வோல்ட், 100 ஏஹெச் எல்எஃப்பி பேட்டரியில் ஒரு யூனிட் நிம்மதியாக எடுக்கலாம்; 2,500 தடவை தாங்கினால், இன்றைய விலைக்கு யூனிட் எட்டு, பத்து ரூபாய் வரும். அப்போதும் ஈபியே மலிவு.

அப்படியானால் பேட்டரி எதற்கு? ஈபி இல்லாத நேரத்துக்கு. கரண்ட் இருக்கும்போது பேட்டரி யூனிட் 12 ரூபாய்க்குக் கசக்கும். கரண்ட் போன மத்தியானத்தில், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின ராத்திரியில், தையல் மெஷின் ஓட்டி ஜாக்கெட் டெலிவரி கொடுக்கவேண்டிய தீபாவளி வாரத்தில் அதே யூனிட்டுக்கு 50 ரூபாய் கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். 2012-ஐ மறந்தவர்களுக்கு நினைவுபடுத்துகிறேன். சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்த காலம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பட்டறை வைத்திருந்தவர்கள் டீசலுக்குக் கொடுத்த காசு அவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் இன்வெர்ட்டர் என்ற பொருள் வசதிக்காரர் சாமானாக இருந்தது போய், பண்டிகைச் சீட்டுக் கட்டி வாங்குகிற பொருள் ஆனது அப்போதுதான். யாரும் அன்றைக்குப் பில் கணக்குப் பார்த்து வாங்கவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் உறவு இல்லாத குடும்பம் நம் ஊரில் குறைவு. கர்நாடகத்தில் 2023-லிருந்து கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை பில்லே கிடையாது. ‘பில் ஜீரோ’தான் சோலாருக்குக் காரணம் என்றால் அங்கே சின்ன வீட்டில் யாரும் பேட்டரி பக்கமே போகக்கூடாது. போகிறார்கள். அரசாங்கம் யூனிட்டை இலவசமாகத் தரலாம். கரண்ட் போகாமல் இருப்பதை இலவசமாகத் தர அதனால் முடியாது.

“ஏழைங்க வீட்டு சோலார் எல்லாம் கடைசில என்னாச்சு, பாத்தீங்களே” என்று ஒரு வாதம் வரும். வரட்டும், அதையும் எடுத்துக்கொள்கிறேன். 2011-ல் தமிழக அரசு சூரிய ஒளிப் பசுமை வீடுகள் திட்டம் கொண்டுவந்தது. 300 சதுர அடி வீடு, 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், வருடத்துக்கு 60,000 வீடு. அந்தத் தொகையில் 30,000 ரூபாய் சோலார் விளக்குக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து சிஎஃப்எல் விளக்கு. நினைத்துப் பார்த்தால், மொட்டை மாடி சோலாரைப் பற்றி ஊரே பேச ஆரம்பிப்பதற்கு 13 வருடம் முன்பே நம் மாநிலம் ஏழை வீட்டில் பேனல் வைத்தது. அதைப் பற்றி எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த மாதிரி பேட்டரிக்கு ஆயுள் நாலைந்து வருடம். வீடு வாங்கியவர் இரண்டாவது பேட்டரிக்கு எங்கே போவார்? தினம் 300, 400 கூலி வாங்குகிறவர், ஈபி விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, பல ஆயிரம் கொடுத்துப் புதுப் பேட்டரி வாங்கமாட்டார். இதிலிருந்து எடுக்கவேண்டிய பாடம், சின்ன சோலார் உதவாது என்பதா? இரண்டாவது பேட்டரிக்கு முதல் நாளிலிருந்தே மாதம் 300 ரூபாய் ஒதுக்காத சோலார் உதவாது என்பதா? நாலு வருடத்தில் அது 14,400 ரூபாய். பழைய பேட்டரியை ஈயத்துக்காக எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். அது கொஞ்சம் சேரும். புதுப் பேட்டரி வந்துவிட்டது.

பீகாரில் ஜெஹானாபாத் மாவட்டத்தில் தர்னை என்று ஒரு கிராமம். 2014-ல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட்டில் ஊருக்கே சோலார் மின்நிலையம் அமைத்தது. இந்தியாவில் முழுக்க சோலாரில் ஓடுகிற கிராமம் என்று பேப்பரெல்லாம் எழுதின. திறப்பு விழாவுக்கு வந்த முன்னாள் முதலமைச்சரிடம் ஊர்க்காரர்கள் கேட்டது என்ன தெரியுமா? ‘அஸ்லி பிஜிலி’, அசல் கரண்ட். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்தால் அந்த சோலார் தாங்காது என்று சொல்லப்பட்டிருந்தது. அப்புறம் ஈபி லைன் வந்தது. அதுவே மலிவாகவும் இருந்தது. சில வருடத்தில் பேட்டரி தீர்ந்தது. பிறகு அந்த மின்நிலையத்தில் மாடு கட்டினார்கள். லைனுக்கு மாற்றாக வைத்த சோலாருக்கு இதுதான் கதி. லைனுக்குத் துணையாக வைத்தால் இப்படி ஆகாது. ஈபியோடு போட்டி போடுகிற சோலாரைத்தான் மண்டி டீக்கடையும் விற்கிறது. என்ன, தர்னை போட்டி போட்டது பேட்டரியை வைத்து, இவர்கள் போட்டி போடுவது பில்லை வைத்து.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு எதிர்ச்சாட்சி இருக்கிறது. பெங்களூரில் 1995-ல் ஹரீஷ் ஹண்டே தொடங்கிய செல்கோ நிறுவனம் கர்நாடகத்துக் கிராமங்களிலும் தெருவோரக் கடைகளிலும் இரண்டு விளக்கு, நாலு விளக்கு என்று சின்னச் சின்ன அமைப்புகளாகப் போட்டது. ஏழையால் சோலார் வாங்க முடியாது, வாங்கினாலும் பராமரிக்க முடியாது என்ற பேச்சைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க மறுத்துக்கொண்டிருக்கிறார். 2011-ல் மகசேசே விருது வந்தது. அவர் செய்ததில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. யாருக்கு எந்த நேரத்தில் எத்தனை விளக்கு வேண்டும் என்று உட்கார்ந்து கேட்டது. அவர்கள் கைக்குக் காசு வருகிற விதத்தில் கிராம வங்கிக் கடன் தவணையை அமைத்தது. பழுது பார்க்கப் பக்கத்திலேயே ஆள் வைத்தது. நம் ஊரில் இந்த மூன்றில் எதையும் யாரும் கேட்பதில்லை. “எத்தனை கிலோவாட்?” என்பதுதான் முதல் கேள்வி.

இன்னொன்றையும் மூணு கிலோவாட்காரர்கள் பேசுவதே இல்லை: வாடகை வீடு. ஓசூர், சூளகிரி, கெலமங்கலம், உத்தனப்பள்ளி என்று தொழிற்சாலை வரவர வரிசை வீடுகள் முளைத்துக்கொண்டே போகின்றன. தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். மாடி ஓனருடையது. மின் இணைப்பு ஓனர் பெயரில். இவர்களுக்கு அந்த மானியத் திட்டம் எட்டாக்கனி. ஆனால் ஒரு பேனலை நாலு போல்ட் கழற்றி, பேட்டரியோடு சேர்த்து டாடா ஏஸில் ஏற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சின்னதாக இருப்பதால் வருகிற பெரிய வசதி இது.

சரி, எப்படிப் போடுவது? பேனலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஃபேனிலிருந்து ஆரம்பியுங்கள். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட். அதே காற்று. ஒன்று சுமார் 3,000 ரூபாய். இரண்டு மாற்றினால் 6,000. ஃபேன் மட்டும் ஓட்டினால், பழைய ஃபேனோடு நாலு மணி நேரம் வருகிற பேட்டரி, புது ஃபேனோடு எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும். அதாவது 6,000 ரூபாய் கொடுத்து 15,000 ரூபாய்க்கு இன்னொரு பேட்டரி வாங்கியதற்குச் சமம். இதை எந்த சோலார் விற்பனையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் ஃபேன் விற்பதில்லை.

அடுத்து, எது பேட்டரியில் ஓடும், எது ஓடாது என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டு ஃபேன் 60 வாட், நாலு எல்இடி விளக்கு 36, வைஃபையும் போன் சார்ஜும் 20, டிவி 45. மொத்தம் சுமார் 160 வாட். ஐந்து மணி நேரம் ஓட்டினால் 800 வாட் மணி, அதாவது 0.8 யூனிட். நாம் மேலே பார்த்த 150 ஏஹெச் பேட்டரி இதைத் தாங்கும். மிக்ஸி, கிரைண்டர், மோட்டார், அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ் எல்லாம் ஈபியிலேயே இருக்கட்டும். கரண்ட் போன நேரத்தில் சட்னி அரைத்தே ஆகவேண்டும் என்றால் அம்மி இருக்கிறது. அம்மியும் இல்லையென்றால் அன்றைக்குப் பொடி.

இந்தப் பேட்டரியை ஒரு நாள் வெயிலில் நிரப்ப 330 வாட் பேனல் போதும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சுமார் நாலு யூனிட் தரும். அந்தக் கணக்கில் 330 வாட்டுக்கு 1.3 யூனிட், பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் போகிற சேதாரம் கழித்தால் நம் தேவைக்குச் சரியாக இருக்கும். ஃபேன், பேட்டரி, சோலார் இன்வெர்ட்டர், பேனல், ஸ்டாண்டு, ஒயர் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரே நாளில் போடவேண்டியதும் இல்லை. இந்த மாதம் ஃபேன், பொங்கலுக்குப் பேட்டரி, கோடைக்கு முன்னால் பேனல். மூணு கிலோவாட்டைத் தவணையில் கட்டலாம். துண்டு துண்டாகப் போட முடியாது.

இங்கே என் சொந்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நான் பேனலிலிருந்து ஆரம்பித்தேன். கடைக்காரர் 540 வாட் பேனல் ஒன்றைக் காட்டினார். “பெருசு ணா, விலை கம்மி” என்றார். பெரிசுதான், ஏழரை அடி. விலையும் வாட்டுக்குக் குறைவுதான். கூடவே ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் கொடுத்தார், எண்ணூறு ரூபாய். மாட்டினோம். மூன்று வாரம் கழித்தும் பேட்டரி சாயங்காலத்துக்குள் நிறையவில்லை. தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் வந்தார். உச்சி வெயிலில் கிளாம்ப் மீட்டரை ஒயரில் கோத்துப் பார்த்தார். 13 ஆம்ப்.

“அண்ணா, 13 ஆம்ப்பு, 13 வோல்ட்டு. பெருக்கிப் பாருங்க.”

169 வாட்.

“540-க்குக் காசு குடுத்துட்டு 170 வாங்கிக்கினு இருக்கீங்க. பேனல் நல்ல பேனல்தான். இந்தப் பொட்டி தப்பு.”

அந்த எண்ணூறு ரூபாய்ப் பெட்டி பிடபிள்யூஎம் வகை. அது பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்துவிடும். பெரிய பேனல் 41 வோல்ட்டில் வேலை செய்வதற்காகச் செய்தது. 12 வோல்ட் பேட்டரி அதைக் கீழே இழுத்து 13-ல் உட்கார வைத்துவிட்டது. ஆம்ப் அப்படியே இருக்கும், வோல்ட் மட்டும் காற்றில் போகும். எம்பிபிடி வகைப் பெட்டி என்றால் அந்த வோல்ட்டை ஆம்ப்பாக மாற்றிப் பேட்டரிக்குக் கொடுக்கும். விலை நாலைந்து மடங்கு. எம்பிபிடி வாங்க மனசில்லையென்றால் 12 வோல்ட்டுக்கென்றே வருகிற 36 செல் பேனலாக இரண்டு 165 வாட் வாங்கி இணையாகச் சேர்க்கலாம். அதற்கு மலிவுப் பெட்டியே போதும். இவ்வளவுதான் விஷயம். இதைக் கடையில் சொல்ல இரண்டு நிமிடம் ஆகாது. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள மூன்று வாரமும் ஒரு மீட்டரும் தேவைப்பட்டது.

தம்பி அன்றைக்கு ஒயரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மாடியிலிருந்து பேட்டரிக்கு 20 மீட்டர், 2.5 ஸ்கொயர் ஒயர். போக வர 40 மீட்டர். பத்து ஆம்ப் போனால் ஒயரிலேயே மூன்று வோல்ட் தின்றுவிடும், 12-ல் கால்வாசி. 230 வோல்ட்டில் மூன்று வோல்ட் போனால் யாரும் கவனிக்கப்போவதில்லை. சின்ன சோலாருக்கு எதிராகச் சொல்லப்படுகிற புகார்களில் பாதி இந்த ஒயரில்தான் இருக்கிறது. பேட்டரியைப் பேனலுக்குக் கிட்டே கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் தடித்த ஒயர் போடுங்கள். நடுவில் டிசி எம்சிபி வையுங்கள். வீட்டு ஏசி எம்சிபியை வைத்தால் டிசி தீப்பொறியை அது அறுக்காது.

பேனல் வைக்கிற சாய்வுக்கு இஞ்சினியர் வேண்டாம். ராயக்கோட்டை பன்னிரண்டரை டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஐந்தடி பேனலுக்கு வடக்குப் பக்கம் ஒரு அடி தூக்கி, தெற்கே பார்க்க வைத்தால் ஆயிற்று. தென்னங்கீற்று நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மொத்தப் பேனலும் சுணங்கும், அதை மட்டும் பாருங்கள். வெயில் நமக்குக் குறைவு என்று ஓசூர்க்காரர்கள் வருத்தப்படவேண்டாம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு ஏறினால் அது தருவது குறையும். வேலூரைவிட நம் மேட்டு நிலம் அதற்குத் தோது.

பேட்டரி வாங்கும்போது உறையில் சி10 என்று இருக்கிறதா, சி20 என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டிலும் 150 ஏஹெச் என்றே போட்டிருக்கும். சி20 என்றால் இருபது மணி நேரம் மெதுவாக இறக்கினால்தான் அந்த 150 வரும். சோலாருக்கு சி10.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சபலம் இருக்கிறது. மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் வந்த பிறகு ‘ஸ்கூட்டர் பேட்டரி, பாதி விலை’ என்று பழைய செல்களைக் கட்டி விற்கிறவர்கள் தலைகாட்டுகிறார்கள். எங்கே கழற்றியது, எத்தனை தடவை ஓடியது, உள்ளே பாதுகாப்புப் பலகை இருக்கிறதா, எதுவும் தெரியாது. ஸ்கூட்டருக்கு வருகிற செல் பெரும்பாலும் நிக்கல் வகை. வீட்டுக்கு ஏற்ற எல்எஃப்பியைவிடச் சூட்டுக்குச் சீக்கிரம் மிரளும். படுக்கிற அறையில் அதை வைத்துத் தூங்காதீர்கள். காசு இல்லையென்றால் டியூபுலர் வாங்கி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், போதும்.

எல்லா வீட்டுக்கும் மூணு கிலோவாட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டுகிற வீட்டின் கதை வேறு. 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 2,048. அந்த ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய், ஏனென்றால் முன்னால் கொடுத்த சலுகையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிற படிக்கட்டு அது. ஏசி ஓட்டி 700, 800 என்று போகிற சொந்த வீட்டுக்காரர் மானியத்தோடு ஈபி லைனில் இணைக்கிற அமைப்பு போட்டால் போட்ட பணம் ஏழெட்டு வருடத்துக்குள் திரும்பும். அவர் போடட்டும். ஆனால் 520 யூனிட்டில் நிற்கிறவர் கொஞ்சம் பொறுக்கவேண்டும். தினம் 12 மணி நேரம் ஓடுகிற இரண்டு ஃபேனை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 65 யூனிட் குறையும். 2,208 ரூபாய் கட்டியவர் 1,521 கட்டுவார். ஒன்றரை வருடத்தில் ஃபேன் விலை வந்துவிடும்.

சோலார்காரருக்குப் போன் செய்வதற்கு முன் பீரோவிலிருந்து உங்கள் மின்கட்டண அட்டையை எடுங்கள். கடைசி ஆறு கணக்கையும் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 500-ஐ நன்றாகத் தாண்டியிருக்கிறது, வீடும் சொந்தம் என்றால் மூணு கிலோவாட்டுக்கு விண்ணப்பம் போடுங்கள். 300-க்குள் என்றால் நேராக ஃபேன் கடைக்குப் போங்கள்.